எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? பிராக்டிஸ் ஏரியாவில் ரேடியோ பேசும் முறை

ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில் ஃப்ளாக்லர், ஆர்மண்ட் பீச், டேடோனா பீச், டிலாண்ட் என்று விமானத் தளங்கள் நெருங்கி நெருங்கி இருக்கின்றன. அவற்றுக்கு மேற்கே காடும் சதுப்பும் ஏரியுமாகப் பரந்து கிடக்கும் நிலத்தின் மேல்தான் சுற்றுவட்டாரப் பயிற்சிப் பள்ளிகளின் செஸ்னாக்களும் பைப்பர்களும் ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) பழகும், ஸ்டீப் டர்ன் (நன்றாகச் சாய்ந்து திரும்புவது) பழகும், எஞ்சினை ஐடிலில் வைத்து அவசரத் தரையிறக்கம் பழகும். இந்தியாவிலிருந்து லைசென்ஸ் வாங்கப் போகும் பிள்ளைகளில் பலர் முதல் ஐம்பது மணி நேரத்தைக் கழிப்பது இதுபோன்ற வானத்தில்தான். இதற்குப் பிராக்டிஸ் ஏரியா என்று பெயர்.

இங்கே கண்ணால் பார்த்துப் பறக்கும் இரண்டு விமானங்களைப் பிரித்து வைக்கும் பொறுப்பு எந்தக் கன்ட்ரோலருக்கும் இல்லை. அப்ரோச் கன்ட்ரோலரைக் கூப்பிட்டு ஃப்ளைட் ஃபாலோயிங் (ரேடாரில் பார்த்து அருகிலுள்ள விமானங்களைச் சொல்லும் சேவை) கேட்கலாம். வேலை குறைவாக இருந்தால் தருவார்கள், இல்லையென்றால் மாட்டார்கள். மிச்சம் இருப்பது இரண்டு: உங்கள் கண், பொது ஃப்ரீக்வென்சியில் உங்கள் வாய்.

மாணவர்கள் பொசிஷன் ரிப்போர்ட்டை (இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்வதை) வருகைப் பதிவு மாதிரி நினைக்கிறார்கள். "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று. அது அதற்கானது இல்லை. உங்கள் குரலைக் கேட்டவர் கண்ணாடி வழியே எந்தப் பக்கம், எந்த உயரத்தில் பார்க்க வேண்டும் என்று உடனே தெரிந்து கழுத்தைத் திருப்ப வேண்டும். அவர் திருப்பவில்லை என்றால் நீங்கள் பேசியது வெறும் சத்தம். கீழே வருகிற ஒவ்வொன்றையும் இந்த அளவுகோலால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்

ஏரியாவுக்கு எந்த ஃப்ரீக்வென்சி என்பது பள்ளிக்குப் பள்ளி, ஏரியாவுக்கு ஏரியா மாறும். அமெரிக்காவில் தனியார் விமானங்கள் தங்களுக்குள் பேச 122.75 உண்டு, 123.3, 123.5 இரண்டும் விமானப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டவை. ஆனால் பக்கத்துப் பள்ளியும் நீங்களும் ஒரே அலைவரிசையில் இருந்தால்தான் பயன். எனவே உங்கள் பள்ளியின் கையேட்டில் உள்ள எண்ணை மட்டும் பார்க்காமல், அந்த வானத்தைப் பகிரும் மற்றப் பள்ளிகள் எதில் பேசுகிறார்கள் என்றும் இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 123.45ஐத் தொட வேண்டாம். அது பெருங்கடலுக்கு மேல் பறப்பவர்களுக்கானது. தரைக்கு மேல் அதில் அரட்டை அடிப்பது விதிமீறல்.

பிறகு செக்‌ஷனல் சார்ட்டை (விமானிகளுக்கான வரைபடத்தை) விரித்து, வேலை செய்யப்போகும் இடத்தைச் சுற்றி ஐந்தாறு அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வானிலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும், சார்ட்டில் பெயரோடு இருக்க வேண்டும், ஒரே ஒரு இடத்தைத்தான் குறிக்க வேண்டும். இந்தப் பகுதியில் லேக் டிஸ்டன் அப்படிப்பட்டது: கிட்டத்தட்ட வட்டமான ஏரி, ஆர்மண்ட் பீச்சுக்கு மேற்கே சுமார் 15 கடல்மைல். வடமேற்கே நீளவாக்கில் கிரெசென்ட் லேக், தென்மேற்கே பியர்சன். இன்னும் மேற்கே லேக் ஜார்ஜ் பக்கம் ஒதுங்கினால் கடற்படையின் பைன்காசில் குண்டுவீச்சுக் களத்தைச் சேர்ந்த தடை வான்வெளி வந்துவிடும். அந்தக் கோட்டைச் சார்ட்டில் அழுத்தி வரைந்துகொள்ளுங்கள்.

"சிவப்புக் கொட்டகை", "பழைய குவாரி", "நம்ம வளைவு" போன்ற பெயர்கள் உங்கள் பள்ளிக்குள் செல்லும். பக்கத்துப் பள்ளியில் நேற்றுச் சேர்ந்த மாணவர் தனியாகப் பறந்துகொண்டிருப்பார். அவருக்கு அது ஒன்றும் சொல்லாது. "வாட்டர் டவர்" இன்னும் மோசம். ஊருக்கு ஊர் ஒன்று நிற்கிறது.

ரேடியோவை ஒழுங்கு செய்தல்

ஏரியா ஃப்ரீக்வென்சியை முதல் ரேடியோவான காம் 1ல் வையுங்கள். இரண்டாவதான காம் 2ல் அவசர அலைவரிசை 121.5 அல்லது திரும்பி வரும் தளத்தின் ஏடிஐஎஸ் (வானிலையும் தளத் தகவலும் சொல்லும் பதிவு ஒலிபரப்பு). ஆடியோ பேனலில் காம் 1 மைக் எரிய வேண்டும், காம் 2 கேட்க மட்டும். இரைச்சலை அடக்கும் ஸ்க்வெல்ச்சைத் திறந்து இரைச்சலைக் கேட்டு ஒலி அளவைச் சரி செய்யுங்கள்; யாராவது பேசட்டும் என்று காத்திருந்து சரி செய்தால் முதல் அழைப்பைத் தவறவிடுவீர்கள்.

பிறகு வாயைத் திறக்காமல் ஒரு நிமிடமாவது கேளுங்கள். ஏரியாவுக்குள் நுழையும் முன்பே, ஏறிக்கொண்டிருக்கும்போதே கேட்கத் தொடங்குவது நல்லது. முழங்கால் அட்டையில் சின்னக் குறிப்பாக எழுதுங்கள்: "ஆர்ச்சர், ஏரிக்குத் தெற்கே, 3000" என்றால் போதும் (ஆர்ச்சர் என்பது பைப்பரில் ஒரு வகை). இரண்டு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு பேசுகிறவரின் அழைப்பும், எதுவும் தெரியாமல் பேசுகிறவரின் அழைப்பும் கேட்ட மாத்திரத்தில் வேறுபட்டுத் தெரியும்.

அழைப்பின் உறுப்புகள்

உதாரணத்துக்கு ஏரியாவின் பெயரை லேக் டிஸ்டன் என்றே வைத்துக்கொள்வோம். ஸ்கைஹாக் என்பது செஸ்னா 172, ஃபோர் ஒன் பிராவோ என்பது அதன் பதிவெண்ணின் கடைசிப் பகுதி 41B. உங்கள் பள்ளி வேறு பெயர் வைத்திருந்தால் அதைச் சொல்லுங்கள்.

"லேக் டிஸ்டன் டிராஃபிக், ஸ்கைஹாக் ஃபோர் ஒன் பிராவோ, டூ மைல்ஸ் நார்த் ஆஃப் த லேக், டூ தவுசண்ட் ஃபைவ் ஹண்ட்ரட், ஸ்டீப் டர்ன்ஸ் பிட்வீன் டூ தவுசண்ட் அண்ட் த்ரீ தவுசண்ட், லேக் டிஸ்டன்."

பத்து விநாடிக்குள் முடிய வேண்டும். ஒவ்வொரு துண்டும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மனப்பாடம் தேவையில்லை.

இடத்தின் பெயர் முதலிலும் கடைசியிலும் வருவதற்குக் காரணம் விமான ரேடியோ பயன்படுத்தும் விஎச்எஃப் அலையின் குணம். அது நேர்கோட்டில் போகும், அடிவானம்தான் அதற்கு எல்லை. உயரத்தை அடியில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 1.23ஆல் பெருக்கினால் எல்லை கடல்மைலில் கிடைக்கும். 3,000 அடியில் இருப்பவருக்கு 67. எதிராளியும் 3,000 அடியில் இருந்தால் இருவருக்கும் நடுவே 134 கடல்மைல் இருந்தாலும் பேச்சு எட்டலாம். அதனால்தான் டேடோனாவின் மேல் இருந்துகொண்டு டாம்பா பக்கத்துப் பேச்சையும் ஜாக்சன்வில் பக்கத்துப் பேச்சையும் கேட்கிறீர்கள். கேட்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது "இது எனக்கா?" என்பது. முதல் பெயரை யாராவது அதே நேரத்தில் பேசி மிதித்துவிட்டால் கடைசிப் பெயர் காப்பாற்றும்.

அடுத்தது விமானத்தின் வகை. எண்ணைவிட இது முக்கியம். இரண்டு மைல் தள்ளியிருக்கும் விமானத்தின் வாலில் உள்ள எழுத்தை யாரும் படிக்க முடியாது. ஆனால் "ஸ்கைஹாக்" என்றால் இறக்கை மேலே, "ஆர்ச்சர்" என்றால் இறக்கை கீழே. இதில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது: ஸ்கைஹாக்கில் இருப்பவருக்கு மேல்பக்கம் மறைவு, ஆர்ச்சரில் இருப்பவருக்குக் கீழ்பக்கம் மறைவு. ஏறும் ஸ்கைஹாக்கின் மேல் இறங்கும் ஆர்ச்சர் வந்தால் இருவருமே ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள். வகையைக் கேட்ட உடனே இது உங்கள் தலையில் ஓட வேண்டும்.

நியூயார்க்கில் ஹட்சன் நதியின் மேல் 2009 ஆகஸ்ட் 8 அன்று ஒரு பைப்பரும் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி 9 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அங்கே நடைமுறைக்கு வந்த விதி, 123.05ல் குறிப்பிட்ட இடங்களைக் கடக்கும்போது பேசியே ஆக வேண்டும் என்கிறது: அல்பைன் டவர், ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், இன்ட்ரெபிட் கப்பல், லிபர்ட்டி சிலை, வெரசானோ பாலம் என்று வரிசையாக. என்ன சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது: விமான வகை, இப்போதைய இடம், போகும் திசை, உயரம். பதிவெண் அந்தப் பட்டியலில் இல்லை. ஆபத்தான இடத்துக்கென்று யோசித்து எழுதியவர்கள் எதை முதலில் வைத்தார்கள் என்று கவனியுங்கள். பயிற்சி ஏரியாவில் எண் தேவைப்படுவது, பதில் சொல்கிறவர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதற்காக. ஒரே பள்ளியின் விமானங்களுக்கு ஒட்டி ஒட்டி எண் இருக்கும். ஃபோர் ஒன் பிராவோவும் ஒன் ஃபோர் பிராவோவும் ஒரே நேரத்தில் மேலே இருந்தால் அந்த ஒருநாள் முழு எண்ணையும் சொல்லுங்கள்.

உயரத்தில் ஒரு எண் போதாது. ஸ்டால் பழகுபவர் 2,500 என்று சொன்ன அடுத்த நிமிடம் 2,200ல் இருப்பார். எந்தக் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவே வேலை என்று சொல்லுங்கள். "டூ" என்று காதில் விழுவது எண்ணா, "வரை" என்ற பொருள் தரும் சொல்லா என்ற குழப்பம் எல்லா நாட்டிலும் உண்டு. "கிளைம்பிங் டு டூ தவுசண்ட்" என்பதைக் கரகரப்பான ரேடியோவில் கேட்டுப் பாருங்கள், புரியும். "பிட்வீன்... அண்ட்..." என்று சொன்னால் சண்டையே இல்லை.

ஃபுளோரிடாவில் தரை கடல்மட்டத்தோடு ஒட்டியிருப்பதால் உயரமானியில் காட்டுவதும் தரையிலிருந்து உள்ள உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே பழகிவிட்டு அரிசோனாவின் பிரெஸ்காட்டுக்குப் போகிறவர் கவனமாக இருக்க வேண்டும். அந்தத் தளமே 5,045 அடியில் இருக்கிறது. ரேடியோவில் சொல்வது எப்போதும் உயரமானி காட்டும் எண்தான். தரையிலிருந்து எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்லி மற்றவரைக் குழப்பாதீர்கள்.

கடைசியாக, செய்யப்போவது. "மேனுவரிங்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்துபவர்கள் நிறைய. அதில் ஒன்றுமே இல்லை. ஸ்டீப் டர்ன் என்றால் ஒரே இடத்தில் வட்டமடிப்பார். ஸ்லோ ஃப்ளைட் என்றால் மூக்கைத் தூக்கிக்கொண்டு மெதுவாக, முன்னால் சரியாகப் பார்க்காமல் போவார். எஞ்சின் ஃபெயிலியர் பயிற்சி என்றால் 3,000லிருந்து 1,000 வரைக்கும் இறங்குவார், பிறகு திடீரென்று ஏறுவார். கேட்பவருக்கு ஒவ்வொன்றும் வேறு படம்.

ஜிபிஎஸ் செய்யும் துரோகம்

மாணவர் லேக் டிஸ்டனுக்கு மேல் இருக்கிறார். ஏரி கண்ணில் படவில்லை, மேகம் மறைக்கிறது, அல்லது பதற்றம். ஜிபிஎஸ்ஸில் அருகிலுள்ள தளங்களைக் காட்டும் நியரெஸ்ட் பக்கத்தைத் திருப்பி, தனக்குப் பழக்கமான ஃப்ளாக்லர் தளத்தைத் தேடுகிறார். பேரிங் 048, தூரம் 15 என்று காட்டுகிறது. 048 என்றால் வடகிழக்கு. உடனே மைக்கை அழுத்தி, "ஃபிஃப்டீன் மைல்ஸ் நார்த்ஈஸ்ட் ஆஃப் ஃப்ளாக்லர்" என்கிறார்.

ஃப்ளாக்லருக்கு வடகிழக்கே 15 மைல் என்பது அட்லாண்டிக் பெருங்கடல்.

ஜிபிஎஸ் காட்டுவது உங்களிடமிருந்து தளத்துக்குப் போகும் திசை. ரேடியோவில் சொல்ல வேண்டியது தளத்திலிருந்து உங்கள் இடம் இருக்கும் திசை. இரண்டும் நேர் எதிர். மேலே சொன்னவர் தென்மேற்கில் இருந்தார். அவர் பேச்சைக் கேட்டு, ஏரிக்கு மேல் இருக்கும் இன்னொருவர் "யாரோ கடல் பக்கம்" என்று நிம்மதியாகத் தன் ஸ்டாலைத் தொடர்வார். பேசாமல் இருந்திருந்தாலாவது அவர் சுற்றிலும் பார்த்திருப்பார்.

தீர்வு எளிது. திசைகாட்டியில் அந்தப் பேரிங் எண்ணைக் கண்டுபிடித்து, அதற்கு நேர் எதிரே வட்டத்தின் மறுபுறம் எந்த எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் நீங்கள் இருக்கும் திசை. கணக்கு வேண்டாம், கண் போதும். அதற்கும் மேலாக ஒரு சோதனை: சொல்லும் முன் "நான் கடல் பக்கமா, நிலத்தின் பக்கமா?" என்று ஒரு முறை வெளியே பாருங்கள்.

எப்போது பேசுவது

100 நாட் வேகத்தில் போகிறவர் நிமிடத்துக்கு 1.7 கடல்மைல் நகர்வார். நேராகப் போய்க்கொண்டிருந்தால் மூன்று நிமிடத்துக்கு முந்தைய ரிப்போர்ட் ஐந்து மைல் பொய். ஏரிக்கு மேலேயே வட்டமடித்தால் பத்து நிமிடத்துக்கு முந்தையதும் உண்மைதான். எனவே கடிகாரத்தைப் பார்த்துப் பேசுவதைவிட, முன்பு சொன்னது பொய்யாகிற கணத்தில் பேசுவதே சரி.

ஏரியாவின் விளிம்புக்கு ஐந்து மைல் வெளியே முதல் அழைப்பு: எங்கிருந்து வருகிறீர்கள், எந்த உயரம், எந்தப் பகுதிக்குப் போகிறீர்கள். இடத்தில் போய் நின்று, வேலை தொடங்கும் முன் இரண்டாவது. சொன்ன உயர எல்லையை விட்டு வெளியேறும் முன், வெளியேறிய பின் அல்ல. வேறு மூலைக்கு நகரும்போது. செய்யும் வேலை மாறும்போது, குறிப்பாக ஸ்டீப் டர்னிலிருந்து இறங்கும் பயிற்சிக்கு. புதிதாக ஒருவர் நுழைவதாகச் சொன்னால், அவர் உங்கள் பக்கம் வருகிறார் என்றால் உடனே. இவை எதுவுமே நிகழாமல் ஒரே இடத்தில் இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போதும். கூட்டமான சனிக்கிழமை என்றால் ஐந்து. உங்கள் பள்ளி வேறு கணக்கு வைத்திருந்தால் அதுவே விதி.

அதற்கு மேல் பேசினால் நல்லது என்று எண்ண வேண்டாம். எட்டு விமானங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஆளுக்குப் பத்து விநாடி என்றால் 300 விநாடியில் 80 போய்விட்டது. பதில்கள் இன்னும் சேரவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பேசும் ஆர்வக்கோளாறு ஒருவர் போதும், மற்றவர்களின் அவசியமான அழைப்பு மிதிபட.

சுற்றிலும் யாரும் இல்லையா என்று பார்க்கத் திரும்பும் கிளியரிங் டர்னைப் பேச்சோடு கட்டிப்போட்டுக்கொள்வது நல்ல பழக்கம். ஸ்டாலுக்கு முன் இரண்டு 90 பாகைத் திருப்பம் அல்லது ஒரு 180. முதல் திருப்பத்தில் பாருங்கள், இரண்டாவதில் பேசிவிட்டு மறுபடி பாருங்கள். ஸ்டால் நடுவிலோ மீட்பின்போதோ கை மைக் பட்டனுக்குப் போகவே கூடாது. யாராவது கூப்பிட்டாலும் முதலில் இறக்கையைச் சமன் செய்யுங்கள், பிறகு பதில்.

இன்னொருவர் உங்கள் இடத்துக்கு வந்தால்

"லேக் டிஸ்டன் டிராஃபிக், ஆர்ச்சர் த்ரீ செவன் கிலோ, ஃபோர் மைல்ஸ் வெஸ்ட் ஆஃப் த லேக், ஈஸ்ட்பௌண்ட், டூ தவுசண்ட் ஃபைவ் ஹண்ட்ரட், லேக் டிஸ்டன்."

நீங்கள் அதே உயரத்தில் ஏரிக்கு வடக்கே இரண்டு மைலில் இருக்கிறீர்கள். இங்கே அமைதியாக இருப்பது பெரும் தவறு. எண்ணைச் சொல்லி நேராகக் கூப்பிடுங்கள்:

"த்ரீ செவன் கிலோ, ஸ்கைஹாக் ஃபோர் ஒன் பிராவோ, டூ நார்த் ஆஃப் த லேக், சேம் ஆல்டிட்யூட், ஸ்டேயிங் நார்த், பிலோ த்ரீ தவுசண்ட்."

"ஃபோர் ஒன் பிராவோ, த்ரீ செவன் கிலோ, கிளைம்பிங் த்ரீ தவுசண்ட் ஃபைவ் ஹண்ட்ரட், பாஸிங் சவுத் ஆஃப் த லேக், லுக்கிங்."

கவனிக்க வேண்டியது, இருவரும் தான் என்ன செய்வேன் என்று சொன்னார்கள். "நீ அப்படிப் போ" என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் கன்ட்ரோலர் இல்லை. "லுக்கிங்" என்றால் இன்னும் பார்க்கவில்லை. பார்த்த பிறகு "இன் சைட்" என்று சொன்னால்தான் விவகாரம் முடிந்தது. பார்க்காமலே "இன் சைட்" என்று சொல்லி மரியாதையைக் காப்பாற்றுகிறவர்கள் உண்டு. வேறு ஏதோ விமானத்தைப் பார்த்துவிட்டு இதுதான் என்று நம்புகிறவர்களும் உண்டு. அதனால்தான் வகையைச் சொல்ல வேண்டும்.

உயரத்தால் பிரிவது முதல் வழி. ஆனால் 500 அடி என்ற பழக்கமான எண்ணை எடுத்த எடுப்பில் நம்பாதீர்கள். மேலே இருப்பவர் ஸ்டால் பழகுகிறார், 300 அடி இழக்கிறார் என்று வையுங்கள். அவர் தொடங்கும்போதே 100 அடி தாழ்வாக இருந்தார். கீழே இருப்பவர் ஸ்டீப் டர்னில் 100 அடி உயர்ந்துவிட்டார். தேர்விலேயே அவ்வளவு பிசகு அனுமதி. 500லிருந்து 500ஐக் கழித்தாயிற்று. ஒருவர் பழைய ஆல்டிமீட்டர் அழுத்தத்தை மாற்றாமல் விட்டிருந்தால், ஒவ்வொரு 0.10 அங்குலத்துக்கும் இன்னொரு 100 அடி. எனவே மேலே இருப்பவர் ஸ்டால் என்றால் 1,000 அடி, அதோடு பக்கவாட்டிலும் இரண்டு மூன்று மைல். ஸ்பின் (ஸ்டாலுக்குப் பின் சுழன்றபடி விழுவது) என்றால் உயரக் கணக்கையே மறந்துவிட்டு வேறு மூலைக்குப் போங்கள்: 172ன் கையேடே ஒரு சுற்று ஸ்பின்னுக்கும் மீட்புக்கும் 1,000 அடி என்கிறது.

"எனி டிராஃபிக் இன் த ஏரியா, ப்ளீஸ் அட்வைஸ்" என்ற வாக்கியத்தை மறந்துவிடுங்கள். எந்தச் சூழ்நிலையிலும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவின் கையேடே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்துக்கு ஏழு பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்லக் கிளம்புவார்கள். கேட்டுக்கொண்டே வந்திருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

கெட்டுப்போகும் இடங்கள்

இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் மற்றவர்களுக்குக் கீச்சென்ற ஊளை மட்டும் கேட்கும். அழுத்திய இருவருக்கும் அது தெரியாது; இருவரும் தாங்கள் பேசியது ஊருக்கே கேட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். மூன்றாமவர் "பிளாக்ட்" என்று ஒரு சொல் சொன்னால் பெரிய உதவி. நீங்கள் பேசி முடித்துப் பட்டனை விட்ட கணத்தில் இன்னொருவர் பேச்சின் வால் காதில் விழுந்தால் உங்களுடையது மிதிபட்டிருக்கலாம். சில விநாடி விட்டு மறுபடி சொல்லுங்கள்.

பட்டன் மாட்டிக்கொள்வது இன்னொன்று. யோக்கில் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடியில்) உள்ள பட்டன் உள்ளே சிக்கி, ஏரியா முழுவதும் இன்ஸ்ட்ரக்டர் மாணவரைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும். உங்கள் பக்கத்தில் அறிகுறி: கூட்டமான நாளில் திடீரென்று எல்லோரும் வாயடைத்துப் போனது. ரேடியோ முகப்பில் டிஎக்ஸ் (அனுப்புகிறது என்பதன் அடையாளம்) என்ற எழுத்து எரிகிறதா என்று பாருங்கள். கார்மின் ரேடியோக்கள் 35 விநாடிக்குப் பிறகு தானாக அனுப்புவதை நிறுத்திவிடும். பழைய ரேடியோக்கள் அப்படிச் செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பட்டனை இரண்டு மூன்று முறை தட்டிவிடுங்கள். சரியாகவில்லையென்றால் அந்தப் பக்கத்து மைக் பிளக்கை உருவிவிட்டு அடுத்த இருக்கையின் பட்டனில் பேசுங்கள்.

ஃப்ரீக்வென்சியைச் சரியாகத் தட்டி, ஸ்டாண்ட்பையிலேயே (இயக்கத்துக்கு வராமல் காத்திருக்கும் இடத்திலேயே) விட்டுவிடுவது முதல் சோலோவில் (தனியாகப் பறக்கும்போது) அடிக்கடி நடக்கும். டவர் ஃப்ரீக்வென்சியில் போய் ஏரியா ரிப்போர்ட் கொடுத்தால் டவரே திருத்திவிடும், வெட்கத்தோடு முடியும். யாருமில்லாத அலைவரிசையில் விழுந்தால் ஒரு மணி நேரமும் தனியாகப் பேசிக்கொண்டிருப்பீர்கள். பத்து நிமிடமாக ஒரு குரலும் இல்லையென்றால் வானம் காலி என்று சந்தோஷப்படும் முன் எண்ணைப் பாருங்கள்.

டேப்லெட்டில் ஏடிஎஸ்பி (விமானங்கள் தாமே தங்கள் இடத்தை அனுப்பும் முறை) காட்டும் அம்புக்குறிகள் உதவியாளர்கள்தான். +03 என்று எழுதி மேல்நோக்கி ஒரு அம்பு இருந்தால் அவர் உங்களைவிட 300 அடி மேலே, ஏறிக்கொண்டிருக்கிறார். ஆனால் காட்டுவது சில விநாடி பழைய இடம். மின்சார அமைப்பே இல்லாத பைப்பர் கப் அதிலும் ரேடியோவிலும் வராமலே போகலாம். கிளைடர்களும் அப்படியே. ஏரிக்குத் தெற்கே பதினைந்து மைலுக்குள் டிலாண்டில் பாராசூட்காரர்கள் வாரம் முழுக்கக் குதிக்கிறார்கள். கழுகுக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கண்ணுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று எஃப்ஏஏ ஒரு கணக்கு வைத்திருக்கிறது: பார்ப்பது, விமானம் என்று அறிவது, மோதப்போகிறோம் என்று உணர்வது, முடிவெடுப்பது, கை அசைவது, விமானம் திரும்புவது, எல்லாம் சேர்த்து 12.5 விநாடி. ஆளுக்கு 100 நாட்டில் எதிரெதிரே வந்தால் அந்த நேரத்தில் 0.7 கடல்மைல் கரைந்துவிடும். அந்தத் தூரத்தில் 36 அடி இறக்கை கொண்ட ஸ்கைஹாக், வானில் முழுநிலவு எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் தெரியும், அதுவும் மெல்லிய கோடாக. ஐந்து மைல் இருக்கும்போதே ரேடியோவில் கேட்டிருந்தால் 90 விநாடி கையில் இருக்கும், எந்தத் திசையில் அந்தக் கோட்டைத் தேடுவது என்றும் தெரியும். பேச்சு வாங்கித் தருவது இந்த வித்தியாசத்தைத்தான்.

தரையில் பழகுவது

மணிக்கு இவ்வளவு டாலர் கொடுத்து மேலே போய் வாக்கியம் தேட வேண்டாம். நண்பரிடம் சார்ட்டைக் கொடுங்கள். நீங்கள் மனதில் ஓர் இடத்தை நினைத்து முழு அழைப்பையும் சொல்லுங்கள். அவர் விரலை வைக்கட்டும். நினைத்த இடத்திலிருந்து ஒரு மைலுக்குள் விரல் விழுந்தால் அழைப்பு தேறியது. பத்து விநாடி தாண்டினால் மறுபடி. இருபது தடவை செய்தால் எந்தச் சொல் வீண் என்று உங்களுக்கே பிடிபடும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: பிரச்சினை உச்சரிப்பில் குறைவு, வேகத்தில் அதிகம். எண்களைத் தனித்தனியாக விட்டுச் சொல்லுங்கள், 9ஐ "நைனர்" என்று சொல்லுங்கள். ஃபைவும் நைனும் இரைச்சலில் ஒன்றாகிவிடும்.

வெளியேறும்போது

வேலை முடிந்து திரும்பும்போதுதான் எல்லோரும் பேசாமல் நழுவுகிறார்கள். மனம் அதற்குள் டவருக்கும் தரையிறக்கத்துக்கும் போய்விட்டிருக்கும். ஆனால் நீங்கள் ஆர்மண்டுக்குத் திரும்பும் அதே கோட்டில்தான் ஆர்மண்டிலிருந்து புதியவர்கள் ஏறி வருகிறார்கள், அவர்கள் ஏறுகிறார்கள், நீங்கள் இறங்குகிறீர்கள். "லேக் டிஸ்டன் டிராஃபிக், ஸ்கைஹாக் ஃபோர் ஒன் பிராவோ, ஃபைவ் மைல்ஸ் ஈஸ்ட் ஆஃப் த லேக், டூ தவுசண்ட் ஃபைவ் ஹண்ட்ரட், டிசென்டிங் ஒன் தவுசண்ட் ஃபைவ் ஹண்ட்ரட், ஈஸ்ட்பௌண்ட் ஃபார் ஆர்மண்ட், லேக் டிஸ்டன்." சொல்லிவிட்டு உடனே ஃப்ரீக்வென்சியை மாற்றாதீர்கள். யாருக்காவது பதில் சொல்ல வேண்டியிருக்கலாம். பத்து விநாடி இருங்கள். ஏடிஐஎஸ் காம் 2ல் ஓடிக்கொண்டிருக்கட்டும்.